மார்க்கத்தை விட்டுப்போனவர் திரும்பி வந்தால்: கலிமா, களா, நிக்காஹ், ஹஜ்

கேள்வியின் சுருக்கம் இது. பிறப்பால் முஸ்லிம். ஆறு வருடத்துக்கு முன் நம்பிக்கை முழுதாகப் போய்விட்டது. இடையில் ஒருமுறை திரும்பி வந்து, சில மாதத்தில் மறுபடியும் விட்டாயிற்று. மார்க்கத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதியதும் உண்டு. மனைவி தொழுகையாளி, பிரியவில்லை. நம்பிக்கை போவதற்கு முன்பே ஹஜ் செய்தாயிற்று. இப்போது மனம் திரும்பியிருக்கிறது. ஆனால் "ஈமான் (நம்பிக்கை) கொண்டு, நிராகரித்து, மறுபடி ஈமான் கொண்டு, மறுபடி நிராகரித்தவர்களை அல்லாஹ் மன்னிக்க மாட்டான்" என்ற வசனத்தைப் படித்த பிறகு, வாசல் அடைத்துவிட்டதோ என்று பயம். தவ்பா (மனம் வருந்தித் திரும்புவது) ஏற்கப்படுமா, எங்கிருந்து தொடங்குவது, ஆறு வருடத் தொழுகை என்னாவது, நிக்காஹ் (திருமண ஒப்பந்தம்) என்னாவது?

பயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது தீராமல் மற்றது எதுவும் நகராது.

நீங்கள் சொல்லும் வசனம் குர்ஆன் 4:137 (அத்தியாயம் 4, வசனம் 137). அதைப் பாதியில் நிறுத்தினால்தான் பயமாக இருக்கும். "மறுபடி நிராகரித்து, பின்னர் நிராகரிப்பிலேயே அதிகமாகிப் போனவர்கள்" என்று அது தொடர்கிறது. அதாவது அந்த நிலையிலேயே ஊறி, திரும்பாமல் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றிய பேச்சு. இதே போல 3:90-ஐயும் பலர் காட்டுவார்கள்: "அவர்களுடைய தவ்பா ஏற்கப்படாது." அதற்கு நேர் முந்தின வசனத்தைப் படியுங்கள். 3:86 முதல் 88 வரை, ஈமானுக்குப் பின் நிராகரித்தவர்களைப் பற்றிய கடும் எச்சரிக்கை. 89-இல், "அதன் பிறகு தவ்பா செய்து தங்களைச் சீர்திருத்திக்கொண்டவர்களைத் தவிர, அல்லாஹ் மன்னிப்பவன், கருணையாளன்." மதீனாவைச் சேர்ந்த அன்ஸாரி ஒருவர் மார்க்கத்தை விட்டுப் போய், பின் வருந்தி, "எனக்குத் தவ்பா உண்டா, கேட்டுச் சொல்லுங்கள்" என்று தம் கூட்டத்தாருக்கு ஆள் அனுப்பியபோது இந்த வசனங்கள் இறங்கின என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக நஸாயீ ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. உங்கள் கேள்வியையே கேட்ட ஒருவருக்கு இறங்கிய பதில். 3:90-இல் ஏற்கப்படாது என்பது சாவு தொண்டைக்கு வந்த பிறகு செய்யும் தவ்பாவையும், விடாமல் பிடித்துக்கொண்டே வாயால் மட்டும் சொல்லும் தவ்பாவையும் குறிக்கும் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். 4:18 இதையே வெளிப்படையாகச் சொல்கிறது.

இணையத்தில் தேடினால் இன்னொன்றும் கண்ணில் படும். "திரும்பத் திரும்ப விட்டுப்போகிறவனின் தவ்பா ஏற்கப்படாது", "நபியை ஏசியவனின் தவ்பா ஏற்கப்படாது" என்று சில ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) நூல்களில் வரும் வரிகள். படித்தவுடன் நெஞ்சு அடைத்துப்போகும். அவை காழியின் (நீதிபதியின்) மன்றத்தைப் பற்றியவை: ஆட்சியாளர் முன் நிற்பவனின் வாய்ச்சொல்லை நம்பி உலகத் தண்டனையைக் கைவிடலாமா என்ற விவாதம். அதிலும் மத்ஹபுகளிடையே (ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி என்ற நான்கு சட்டப் பள்ளிகளிடையே) கருத்து வேறுபாடு உண்டு. அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான மன்னிப்பு அந்த வரிகளின் பொருளே அல்ல. உண்மையான தவ்பா அங்கே பயன் தரும் என்று அதே அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வரலாற்றிலும் பாருங்கள். அப்துல்லாஹ் பின் ஸஃது பின் அபீ ஸர்ஹ், வஹீயை (இறைச்செய்தியை) எழுதியவர்களில் ஒருவர். மார்க்கத்தை விட்டு மக்காவுக்கு ஓடி, நபிக்கு எதிராகப் பேசினார். ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின்போது பொதுமன்னிப்பிலிருந்து விலக்கப்பட்ட சிலரில் அவர் பெயரும் இருந்தது. பால்குடிச் சகோதரரான உஸ்மான் (ரலி) அழைத்து வந்து நிறுத்த, நபி (ஸல்) நீண்ட மௌனத்துக்குப் பிறகு அவருடைய பைஅத்தை (உறுதிமொழியை) ஏற்றார்கள். பின்னாளில் எகிப்தின் ஆளுநரானார். தாத்துஸ் ஸவாரீ கடற்போரில் முஸ்லிம் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். துலைஹா பின் குவைலித் இன்னும் ஒரு படி மேலே போனவர்: தன்னையே நபி என்று சொல்லிக்கொண்டார். உக்காஷா பின் மிஹ்ஸன் (ரலி) அவர் கையால் கொல்லப்பட்டார். புஸாகாவில் காலித் (ரலி) படையிடம் தோற்று ஓடி, பின்னர் இஸ்லாத்துக்குத் திரும்பினார். காதிஸிய்யா போரில் முஸ்லிம்கள் அணியில் நின்றார். சில வருடம் கட்டுரை எழுதியதெல்லாம் இந்தக் கணக்கில் எங்கே நிற்கும்?

முதலில், உண்மையிலேயே விட்டுப்போனீர்களா?

உங்கள் விஷயத்தில் சந்தேகமில்லை. நீங்களே தெளிவாகச் சொல்கிறீர்கள். ஆனால் இதே கேள்வியோடு வருகிறவர்களில் பலர் மார்க்கத்தை விட்டே போயிருக்க மாட்டார்கள். மனதில் ஒரு கெட்ட எண்ணம் ஓடியது, அதை வெறுத்தார், அவ்வளவுதான். "சொல்லவே நா கூசும் எண்ணங்கள் எங்கள் மனதில் வருகின்றன" என்று தோழர்கள் முறையிட்டபோது, "அதுதான் தெளிவான ஈமான்" என்று நபி (ஸல்) சொன்னதாக முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. கூசுவதே ஈமான் இருப்பதன் அடையாளம்.

சோம்பலால் தொழுகையை விட்டவரும் இந்தக் கணக்கில் வர மாட்டார். கடமை என்று ஒப்புக்கொண்டு செய்யாமல் இருப்பது பெரும்பாவம், ஆனால் பெரும்பாலான அறிஞர்களிடம் அது மார்க்கத்தை விட்டு வெளியேற்றாது. இமாம் அஹ்மதிடம் மாறுபட்ட கருத்து உண்டு. பருவமடையும் முன் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொன்ன பிள்ளையின் சொல்லுக்கு ஷாஃபி மத்ஹபில் சட்ட விளைவு கிடையாது. புத்தி பேதலித்த நிலையில் சொன்னதற்கும், உயிருக்கு அஞ்சி உள்ளம் ஈமானில் இருக்க வாயால் மட்டும் சொன்னதற்கும் (16:106) இல்லை. மறுபக்கம், "அடுத்த வருடம் விட்டுவிடப் போகிறேன்" என்று உறுதியாக முடிவெடுத்தால், முடிவெடுத்த அந்த நொடியே வெளியேறியாயிற்று என்கிறார்கள் ஷாஃபி அறிஞர்கள்.

இதைப் பிரித்தறிவது வீண் வேலை அல்ல. களா (விடுபட்ட தொழுகை, நோன்பைப் பின்னர் நிறைவேற்றுவது), நிக்காஹ் எல்லாம் இந்த ஒரு விடையைப் பொறுத்தே தீரும். வஸ்வாஸ் (ஓயாத வீண் சந்தேகம்) தொல்லை உள்ளவர் தன்னை முர்தத் (மார்க்கத்தை விட்டவர்) என்று நினைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை நிக்காஹ் புதுப்பிக்க அலைவதும் நடக்கிறது.

திரும்புவதற்கு ஆகும் நேரம்

ஒரு நிமிடம்கூட ஆகாது. உள்ளத்தில் ஏற்று, வாயால் சொல்ல வேண்டும்: "அஷ்ஹது அல்லா இலாஹ இல்லல்லாஹு, வஅஷ்ஹது அன்ன முஹம்மதர் ரஸூலுல்லாஹ்." வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு எவருமில்லை, முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்று சாட்சி கூறுகிறேன். சாட்சிகள் வேண்டாம், ஆலிம் (மார்க்க அறிஞர்) வேண்டாம், பள்ளிவாசல் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். பெயர் மாற்றியிருந்தால் பழைய பெயருக்குத் திரும்புவதும் நிபந்தனை அல்ல. பொருள் தவறான பெயராக இருந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். குளித்துவிட்டுச் சொல்லலாம், வெள்ளிக்கிழமை சொல்லலாம், ரமலானில் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவது பெரிய பிழை. இடைப்பட்ட நேரமெல்லாம் நிராகரிப்பில் நீடிக்கச் சம்மதித்ததாக ஆகிவிடும்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. எதை மறுத்து வெளியே போனாரோ, அதைத் திரும்ப ஒப்புக்கொள்ளாமல் கலிமா மட்டும் சொன்னால் போதாது. அல்லாஹ்வே இல்லை என்று போனவருக்குக் கலிமாவிலேயே அது அடங்கிவிடும். ஆனால் ஒருவர் இறைவனையும் நபியையும் நம்பிக்கொண்டே, "தொழுகை கடமை இல்லை", "வட்டி ஹராம் இல்லை", "குர்ஆன் மனிதர் எழுதியது" என்று சொல்லி வெளியேறியிருந்தால், அந்தக் கருத்தை விட்டு விலகுகிறேன் என்று அதைக் குறிப்பிட்டு விட வேண்டும். வேறு மதத்தில் சேர்ந்திருந்தால் அதிலிருந்து விலகுவதாகவும் சொல்ல வேண்டும். பழக்கத்தில் கலிமா சொல்லிக்கொண்டிருந்தாலும், சொன்ன குஃப்ரிலிருந்து (நிராகரிப்பிலிருந்து) விலகாதவரை அது பலன் தராது என்று ஹனஃபி நூல்கள் எழுதுகின்றன. ஆகவே மனதில் ஒரு முறை பட்டியல் போட்டு, "இவற்றையெல்லாம் விட்டேன்" என்று முடிவெடுத்துவிட்டுச் சொல்லுங்கள். ஒருமுறை போதும். தினமும் பத்துமுறை "புதுப்பிக்கிற" பழக்கம் நாளடைவில் வஸ்வாஸாகப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்த பிறகுதான் கலிமா என்று காத்திருக்கவும் வேண்டாம். இறைவன் ஒருவன், முஹம்மது (ஸல்) அவனுடைய தூதர், அவர் கொண்டுவந்தது உண்மை: இதில் மனம் உறுதிப்பட்டால் போதும். அந்த ஹதீஸ் புரியவில்லை, இந்தச் சட்டத்தின் காரணம் புரியவில்லை என்பதெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்து தேடலாம். மூன்றிலேயே உறுதி இல்லை, குடும்பத்துக்காகத்தான் சொல்கிறேன் என்றால், அதை உங்களிடமே மறைக்காதீர்கள். அந்த நிலையில் செய்ய வேண்டியது படிப்பும் துஆவும்.

அடுத்தது குளிப்பு. ஹன்பலி மத்ஹபில் திரும்பி வருபவருக்குக் குளிப்பு கடமை. ஷாஃபியில் அந்தக் காலத்தில் ஜனாபத் (உறவு போன்றவற்றால் குளிப்பு கடமையாகும் நிலை) ஏற்பட்டிருந்தால் கடமை, இல்லையேல் சுன்னத் (விரும்பத்தக்கது). அந்தக் காலத்தில் குளித்திருந்தாலும் நிய்யத் (வணக்கத்துக்கான எண்ணம்) செல்லாததால் கணக்கில் வராது. திருமணமானவருக்கு இதில் ஆராய்ச்சியே தேவையில்லை, குளித்துவிடுங்கள். நிய்யத் வைத்து, வாய் கொப்பளித்து, மூக்கில் நீர் செலுத்தி, தலைமுடியின் அடிவேர், காது மடல், தொப்புள், கால்விரல் இடுக்கு உட்பட உடல் முழுதும் நீர் படவிட்டால் ஷாஃபியிலும் ஹனஃபியிலும் செல்லும். வாயும் மூக்கும் ஹனஃபியில் ஃபர்ளு (கட்டாயக் கடமை) என்பதால் ஷாஃபியினரும் விடாமல் செய்வது நல்லது. நகப்பூச்சு, ஒட்டிய பெயின்ட், பசை இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். அதன் கீழே நீர் போகாது.

குளித்து வந்ததும் எந்த வக்து (தொழுகை நேரம்) நடக்கிறதோ அந்தத் தொழுகை. லுஹரை (நண்பகல் தொழுகையை) தொழுதுவிட்டு, மார்க்கத்தை விட்டுப்போய், அதே லுஹர் வக்து முடியும் முன் திரும்பியவர்கூட அதை மறுபடி தொழ வேண்டும் என்பது ஹனஃபி சட்டம்.

ஆறு வருடத் தொழுகை, நோன்பு, பழைய ஹஜ்

இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. மூன்றுக்கும் வேர் ஒரே கேள்விதான்: விட்டுப்போனவனுக்கும் மார்க்கத்துக்கும் இடையிலான கணக்கு அறுந்துவிட்டதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா?

அறுந்துவிட்டது என்பது ஹனஃபி, மாலிகி அணுகுமுறை. அவர் புதிதாக இஸ்லாத்துக்கு வருபவர் போல. "நிராகரித்தவர்கள் விலகிக்கொண்டால் முன்சென்றது மன்னிக்கப்படும்" என்ற 8:38 அவருக்கும் பொருந்தும். ஆகவே விட்டிருந்த காலத்துத் தொழுகை, நோன்புக்குக் களா இல்லை. ஆனால் கடன் அழிந்தால் வரவும் அழியும்: "நீர் இணை வைத்தால் உம் செயல்கள் அழிந்துபோகும்" என்ற 39:65-ஐ அப்படியே எடுத்துக்கொள்வதால், முன்பு செய்த ஹஜ்ஜும் போய்விட்டது. வசதி இருந்தால் மறுபடி ஹஜ் கடமை. ஹனஃபியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: விட்டுப்போவதற்கு முன், முஸ்லிமாக இருந்த காலத்தில் தவறவிட்ட தொழுகைகளுக்குக் களா உண்டு.

கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பது ஷாஃபி அணுகுமுறை. ஒருமுறை ஏற்றுக்கொண்ட கடமை, விட்டு ஓடியதால் தள்ளுபடி ஆகாது. ஆகவே அந்தக் காலத்துத் தொழுகை, நோன்பு இரண்டுக்கும் களா உண்டு. அதே சமயம், செயல்கள் அழிவது "நிராகரிப்பவனாகவே இறந்தால்" என்று 2:217 நிபந்தனை போடுகிறது, இவர் திரும்பிவிட்டார். எனவே பழைய ஹஜ் செல்லும், மறுபடி கடமை இல்லை. அதன் நன்மை போய்விட்டது என்பது வேறு விஷயம்.

ஹன்பலியில் பிரபலமான கருத்து இரண்டுக்கும் நடுவே: விட்டிருந்த காலத்துக்குக் களாவும் இல்லை, ஹஜ்ஜைத் திருப்பிச் செய்வதும் இல்லை.

களாவுக்கு ஹனஃபி, ஹஜ்ஜுக்கு ஷாஃபி என்று பொறுக்கி எடுக்கிற ஆசை யாருக்கும் வரும். அதனால்தான் வேரைக் காட்டினேன். நீங்கள் பழகி வந்த மத்ஹபில் முழுதாக நில்லுங்கள். ஷாஃபியைப் பின்பற்றுபவருக்குக் களாவின் பாரம் தாங்கவே முடியாது என்றால், மற்ற மூன்று மத்ஹபின் கருத்தை எடுத்துக்கொள்ள ஒரு ஆலிம் அனுமதிக்கக்கூடும். அதை அவர் வாயால் கேட்டு வாங்குங்கள். பாரம் என்று நான் சொல்வது வாய்ப்பேச்சு அல்ல. ஆறு வருடம் என்றால் ஏறத்தாழ 2,190 நாள், 10,950 ஃபர்ளுத் தொழுகை. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூன்றாம் வாரமே எல்லாவற்றையும் விட்டுவிடுபவர்கள் உண்டு. இடையில் திரும்பி வந்திருந்த மாதங்களில் தொழுதவற்றைக் கழித்துக்கொள்ளலாம். நம்பிக்கை இல்லாமல் வீட்டாருக்காக நின்று தொழுத தொழுகைகளைக் கழிக்க முடியாது. அவை கணக்கிலேயே இல்லை. பெண்களுக்கு மாதவிடாய் நாட்களின் தொழுகைக்குக் களா இல்லை.

களா என்று முடிவானால் செய்முறை எளிது. ஒவ்வொரு ஃபர்ளோடும் அதே வக்தின் களா ஒன்று: சுப்ஹோடு சுப்ஹு, லுஹரோடு லுஹர். நாளுக்கு 17 ரக்அத் கூடுதல். நிதானமாகத் தொழுதால் ஒன்றுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் அரைமணிக்குள். இந்த வேகத்தில் ஆறு வருடக் களா ஆறு வருடத்தில் முடியும். ஒவ்வொரு வக்துக்கும் இரண்டு என்றால் மூன்றில். ஷாஃபி நூல்கள் காரணமின்றி விட்ட களாவை உடனடியாகத் தீர்க்கச் சொல்கின்றன, களா முடியும்வரை நஃபிலில் (உபரித் தொழுகையில்) நேரத்தைச் செலவிட வேண்டாம் என்றும் சொல்கின்றன. எனவே சுன்னத்துக்கு நிற்கும் நேரத்தைக் களாவுக்குக் கொடுங்கள். ஹனஃபியில் விட்டுப்போவதற்கு முந்தைய களா இருப்பவர் வித்ரையும் சேர்த்து நாளுக்கு 20 ரக்அத் கணக்கிட வேண்டும். தேதி நினைவில்லையே என்று திகைக்க வேண்டாம்: "என் மீது பாக்கியுள்ள லுஹர்களில் முதலாவது" என்று நிய்யத் வைத்தால் போதும். ஆறு தொழுகையோ அதற்கு மேலோ பாக்கி இருந்தால் வரிசை முறையும் ஹனஃபியில் கட்டாயமில்லை. ஷாஃபியினர் எந்த நேரத்திலும் களா தொழலாம்; ஹனஃபியினர் சூரியன் உதிக்கும்போதும், உச்சியில் நிற்கும்போதும், மறையும்போதும் தவிர்க்க வேண்டும். ஐந்து கட்டம் போட்ட ஒரு தாள், தொழுததும் ஒரு கோடு. நினைவை நம்பினால் ஒரு மாதத்தில் கணக்கு குழம்பிவிடும்.

நோன்பு ஆறு ரமலான், 180-க்குள் வரும். திங்கள், வியாழன் பிடித்தால் இரண்டு வருடத்துக்குள் முடியும். இரு பெருநாள், துல்ஹஜ் 11, 12, 13 ஆகிய ஐந்து நாளில் நோன்பு கூடாது. ஸகாத்தும் (கட்டாயத் தர்மமும்) இதே வேர்ப்படிதான்: ஹனஃபியில் விட்டிருந்த காலத்துக்கு இல்லை, திரும்பிய நாளிலிருந்து நிஸாபும் (ஸகாத் கடமையாகும் குறைந்தபட்ச சொத்து அளவும்) வருடமும் புதிதாக எண்ணப்படும், ஷாஃபியில் அந்த வருடங்களுக்கும் 2.5 சதவீதம் கணக்குப் பார்க்க வேண்டும்.

நிக்காஹ்

இதைத்தான் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் மனைவி பயந்துவிடுவாளோ என்று மறைத்துவிட்டு அப்படியே வாழ்க்கையைத் தொடர்வார்கள். மறைக்க வேண்டிய அளவுக்கு இதில் ஒன்றுமில்லை.

ஹனஃபியிலும் மாலிகியிலும் கணவன் மார்க்கத்தை விட்ட உடனேயே நிக்காஹ் முறிகிறது. ஷாஃபியிலும் ஹன்பலியிலும், இல்லற உறவு நடந்த தம்பதிகளுக்கு, இத்தா (மனைவி காத்திருக்கும் காலம்) முடியும்வரை நிறுத்தி வைக்கப்படும். அதற்குள் திரும்பிவிட்டால் பழைய நிக்காஹே தொடரும், புதிதாக எதுவும் வேண்டாம். திரும்பாவிட்டால், விட்டுப்போன நாளிலிருந்தே முறிந்ததாக ஆகும். இத்தா என்பது மாதவிடாய் உள்ளவருக்கு மூன்று சுற்று (ஷாஃபியில் மூன்று சுத்த காலம், ஹனஃபியில் மூன்று மாதவிடாய்), மாதவிடாய் இல்லாதவருக்கு மூன்று மாதம், கர்ப்பிணிக்குப் பிரசவம்வரை. காத்திருக்கும் அந்தக் காலத்தில் உறவு கூடாது. மனைவி காத்திருந்தால் நீண்ட காலத்துக்குப் பிறகும் பழைய நிக்காஹ் செல்லும் என்பது இப்னு தைமிய்யா, இப்னுல் கய்யிம் கருத்து. மனைவி மார்க்கத்தை விட்டுப்போன விஷயத்தில் பிற்கால ஹனஃபி அறிஞர்களிடம் வேறு தீர்ப்புகளும் உண்டு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே விட்டு, சேர்ந்தே திரும்பினால் ஹனஃபியில் நிக்காஹ் அப்படியே நிற்கும். அபூபக்ர் (ரலி) காலத்தில் திரும்பி வந்த பனூ ஹனீஃபா கூட்டத்தாரை நிக்காஹ் புதுப்பிக்கச் சொல்லவில்லை என்பதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

உங்கள் நிலையில் வருடங்கள் ஓடிவிட்டதால் நான்கு மத்ஹபின் வழக்கமான தீர்ப்புப்படியும் புது நிக்காஹ் தேவை. எந்தத் தேதியில் முறிந்தது என்று ஆராய்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வழி ஒன்றுதான். பெண்ணின் வலீ (பொறுப்பாளர்), இரண்டு சாட்சிகள், மஹர் (மணக்கொடை), ஈஜாப் கபூல் (முன்மொழிதலும் ஏற்றலும்). மஹர் சிறிய தொகையாக இருக்கலாம், ஆனால் புதிது. பழையதில் பாக்கி இருந்தால் அது தனிக் கடனாகவே நிற்கும். விருந்து, அறிவிப்பு, பள்ளிவாசல் பதிவேடு எதுவும் நிபந்தனை இல்லை. வீட்டு அறையில், வாய் காக்கத் தெரிந்த இரண்டு பேரை வைத்துப் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். அதுவரை தனித்தனியாகப் படுங்கள். முறிந்தது ஷாஃபியிலும், ஹனஃபியில் இமாம் அபூஹனீஃபாவிடமும் ஃபஸ்க் (தலாக் அல்லாத ஒப்பந்த ரத்து) என்பதால் மூன்று தலாக்கில் ஒன்று குறையாது. மாலிகியில் ஒரு தலாக்காகக் கணக்கிடுவார்கள். திருமணம் செல்லும் என்று நம்பி வாழ்ந்த காலத்தில் பிறந்த பிள்ளைகள் தந்தையின் பிள்ளைகளே. அவர்களின் வம்சத்தில் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

மனைவி சம்மதிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். புது நிக்காஹ் என்றால் அவருக்கு மறுக்கும் உரிமையும் உண்டு.

மனிதர்களுக்குப் பாக்கி

கலிமா அல்லாஹ்வின் கணக்கைத் துடைக்கும். வாங்கிய கடன், அபகரித்த நிலம், சுமத்திய பழி எதையும் துடைக்காது. வட்டிக் கணக்கு இருந்தால் அசல் தொகை உங்களுடையது (2:279); கையில் இருக்கும் வட்டியை நன்மை எதிர்பாராமல் ஏழைக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை மூடுங்கள். விட்டிருந்த காலத்தில் முஸ்லிமான தந்தையோ தாயோ இறந்திருந்தால் அந்தச் சொத்தில் ஷரீஅத்படி பங்கு இருந்திருக்காது. சகோதரர்கள் தெரியாமல் பங்கு கொடுத்திருந்தால் ஒரு ஆலிமை நடுவில் வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதியவற்றைப் பற்றி. மறைவாக விட்டவர் மறைவாகத் திரும்பினால் போதும். தன் பாவத்தைத் தானே அம்பலப்படுத்துகிறவர்களைப் புகாரி ஹதீஸ் கண்டிக்கிறது, ஆகவே ஊரைக் கூட்டி "நான் இப்படியெல்லாம் இருந்தேன்" என்று சொல்ல வேண்டியதில்லை. பகிரங்கமாக எழுதியவருக்கு அப்படி இல்லை: 2:160 "தவ்பா செய்து, சீர்திருத்தி, தெளிவுபடுத்தியவர்கள்" என்று மூன்று சொல்கிறது. உங்கள் கைவசம் உள்ள பக்கங்களை, காணொளிகளை நீக்குங்கள். எங்கே எழுதினீர்களோ அங்கேயே இரண்டு வரி: "இதற்கு முன் எழுதியவற்றிலிருந்து விலகுகிறேன், நான் முஸ்லிம்." அதோடு நிறுத்துங்கள். ஏன், எப்படி என்ற விவாதத்துக்கு முதல் வருடத்தில் இறங்கவே இறங்காதீர்கள். நேற்றுவரை நீங்கள் எழுதிய வாதங்களையே உங்கள் முகத்தில் எறிவார்கள், பதில் சொல்லும் அறிவு இன்னும் சேர்ந்திருக்காது. திரும்பி வந்தவரை மேடையேற்றப் பார்க்கும் நம்மவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். சாட்சியம் சொல்ல வைத்துக் கைதட்டி அனுப்பிவிடுவார்கள், சுப்ஹுக்கு எழுப்ப யாரும் வர மாட்டார்கள்.

மறுபடி வழுக்குவது எங்கே

நீங்கள் ஒருமுறை வந்து திரும்பிப் போனவர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் வழுக்குவது முதல் சில வாரங்களில், அதுவும் அளவுக்கு மீறி இழுத்துப் போட்டுக்கொள்வதால். தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை), தினம் ஒரு ஜுஸ்வு (குர்ஆனின் முப்பதில் ஒரு பகுதி), எல்லா சுன்னத், கூடவே களா. இரண்டு வாரம் ஓடும். ஒரு சுப்ஹு தவறும், "நான் லாயக்கில்லை" என்ற எண்ணம் வரும், எல்லாம் கையை விட்டுப் போகும். "இவற்றைவிடக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்" என்று கடமைகளை மட்டும் ஏற்ற நாட்டுப்புறத்தாரைப் பற்றி, "உண்மையாக இருந்தால் வென்றுவிட்டார்" என்றுதான் நபி (ஸல்) சொன்னார்கள். முதல் மாதத்தில் ஐந்து ஃபர்ளு மட்டும். இரண்டாம் மாதம் களாவைத் தொடங்குவதற்கும் உங்கள் ஆலிமிடம் வழி கேட்டுக்கொள்ளலாம்.

ஓதல் மறந்துபோயிருந்தால் தொழுகையைத் தள்ளிப்போடாதீர்கள். குர்ஆன் எதுவும் மனதில் நிற்கவில்லை என்று வந்தவருக்கு, "ஸுப்ஹானல்லாஹ், வல்ஹம்து லில்லாஹ், வலா இலாஹ இல்லல்லாஹ், வல்லாஹு அக்பர், வலா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்" என்று ஓதச் சொன்ன ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. அது தற்காலிக வழி. அல்ஹம்து சூராவை நாளுக்கு ஒரு வசனமாக மீட்டால் ஒரு வாரம். பிறகு அத்தஹிய்யாத் (தொழுகையின் இருப்பில் ஓதுவது), பிறகு ஒரு சின்ன சூரா.

பழைய சந்தேகம் திரும்ப எட்டிப் பார்க்கும், நிச்சயம். அதை இன்னொரு வெளியேற்றமாக எண்ணிப் பதற வேண்டாம். எழுதி வையுங்கள், இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, அறிவுக் கேள்வி: படித்தவரிடம் கேட்டால் தீரும், தீராவிட்டாலும் ஈமான் நிற்கும். இன்னொன்று காயம். மதரஸாவில் பட்ட அடி, வீட்டில் மார்க்கத்தின் பெயரால் நடந்த கொடுமை, ஒரு மரணம். இதை வாதத்தால் ஆற்ற முடியாது. பேசக்கூடிய ஒரு மனிதர் வேண்டும், சிலருக்கு மனநல மருத்துவரும் வேண்டும். காயத்துக்குப் புத்தகம் கொடுப்பதுதான் உதவ வருகிறவர்கள் செய்யும் வழக்கமான தவறு.

ஆலிமிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: பின்பற்றி வந்த மத்ஹப், எந்த மாதம், எந்த வருடம் விட்டது, எதை மறுத்தது, இடையில் திரும்பிய மாதங்கள், இப்போது கலிமா சொன்ன நாள், நிக்காஹ் நடந்த தேதி, மஹரில் பாக்கி, மனைவியின் வலீ யார், ஹஜ் செய்த வருடம், விட்டுப்போவதற்கு முன்பே விடுபட்ட தொழுகை, நோன்பு, அந்தக் காலத்தில் வந்த வாரிசுப் பங்கு. கதையாகச் சொல்ல ஆரம்பித்தால் அவர் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார், தீர்ப்பு கிடைக்காது. கேள்வியை ரகசியமாக வைக்க முடியாதவர், கேட்டதும் கோபப்பட்டு ஏசுபவர் என்றால் நன்றி சொல்லி எழுந்து, வேறொருவரிடம் போங்கள்.